எச்.ஐ.வி. மாத்திரைக்குக் கொஞ்ச நாள் லீவு விடலாமா? விட்டுப் பார்த்தபோது நடந்தது இது

"அண்ணே, ரிப்போர்ட்ல வைரஸே இல்லைன்னு வந்துருச்சு. ஒரு மாசம் மாத்திரைய நிறுத்திக்கிரட்டுமா?"

எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் கேட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, நாலு வருடமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறான், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒன்று, ஒரு நாள் விட்டதில்லை. வைரல் லோடு ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று இருந்தது. அதைத்தான் வைரஸ் இல்லை என்று படித்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, அந்த வரியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அவன் கேட்ட இதே கேள்வியை உலகத்தின் பெரிய எச்.ஐ.வி. மருத்துவர்களே ஒரு காலத்தில் கேட்டார்கள் என்பதுதான் விஷயம். வெறுமனே கேட்கவில்லை, ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து, மருந்தை நிறுத்தி, ரத்தத்தைச் சோதித்து, மறுபடி ஆரம்பித்து, ஏறக்குறைய பத்து வருடம் முறையாக ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்குத் திட்டமிட்ட சிகிச்சை இடைவேளை என்று பெயர். நோயாளி தானாக மருந்தை விட்டுவிடுவது இதில் சேராது. எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது, நடுவில் என்னென்ன பரிசோதனை செய்வது என்றெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து, மருத்துவரின் கண் முன்னால் நிறுத்துவது.

முதலில் அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டு எண்கள்தான் முக்கியம். வைரல் லோடு என்பது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு. சி.டி.4 என்பது நம் நோய் எதிர்ப்புப் படையை வழிநடத்துகிற வெள்ளை அணுக்கள் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கு. வைரஸ் குறி வைப்பது இந்த சி.டி.4 அணுக்களைத்தான். மாத்திரை, வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. பெருக முடியாமல் போனதும் ரத்தத்தில் அதன் அளவு கருவிக்கே எட்டாத அளவுக்கு இறங்கிவிடுகிறது, சி.டி.4 மெல்ல ஏறுகிறது. இதுதான் "டார்கெட் நாட் டிடெக்டட்".

ஆனால் எல்லா வைரஸும் பெருகிக்கொண்டே இருப்பதில்லை. சில, நீண்ட நாள் வாழ்கிற சி.டி.4 அணுக்களுக்குள் போய், அந்த அணுவின் மரபணுவோடு தன் மரபணுவைச் சேர்த்துவிட்டுச் சும்மா கிடக்கும். பெருகாத வைரஸை மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. வயலில் கோரை எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே உள்ள புல்லை எத்தனை தடவை அறுத்தாலும், நிலம் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும், மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். களையெடுப்பை நிறுத்திப் பத்து நாளில் பச்சை தெரியும். 1997-ல் இந்தக் கிழங்கை, அதாவது ஒளிந்திருக்கும் வைரஸை, அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் அடையாளம் கண்டன. மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் இது தானாக எப்போது தீரும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சிலிசியானோ குழு கணக்குப் போட்டது. 70 வருடத்துக்கு மேல் என்று விடை வந்தது. கிழங்கைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வருடம் முன்புதான், புதுக் கூட்டு மருந்துகளால் சில வருடத்தில் எச்.ஐ.வி.யை உடம்பைவிட்டே துடைத்துவிடலாம் என்று பலரும் நம்பியிருந்தார்கள்.

அந்த மருந்துகளோடு வாழ்வது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இடைவேளை என்ற எண்ணமே ஏன் வந்தது என்று புரியும். இண்டினாவிர் என்று ஒரு மாத்திரை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெறும் வயிற்றில். காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தினமும் குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு புட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். இது ஒரு மருந்துக்கு மட்டும். கூடவே இன்னும் இரண்டு மருந்துகள், அவற்றுக்குத் தனி விதிகள். வயிற்றுப்போக்கு, குமட்டல், கால் எரிச்சல். அப்புறம் சில வருடத்தில் கன்னத்துச் சதை வற்றி ஒட்டிப்போகும், பிடரியில் கொழுப்பு திரளும், கண்ணாடியில் பார்த்தால் வேறு ஆளாகத் தெரியும். உயிரைக் காப்பாற்றிய மருந்துதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாகும்வரை இப்படியா என்று நோயாளிகள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பெர்லினிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவர், தொற்று ஏற்பட்ட கொஞ்ச நாளிலேயே ஹைகோ யெஸ்ஸன் என்ற மருத்துவரிடம் சிகிச்சை தொடங்கியவர். வேறு உபாதைக்காக ஒரு தடவை மருந்தை நிறுத்த வேண்டி வந்தது, வைரஸ் திரும்பியது, மறுபடி தொடங்கினார். இன்னொரு தடவை மஞ்சள்காமாலை, அதற்காக நிறுத்தினார். இந்தத் தடவை வைரஸ் எழும்பவில்லை. பிறகு மொத்தமாகவே நிறுத்திவிட்டார், அப்போதும் வைரஸ் தலைதூக்காமல் அடங்கியே இருந்தது. 1999-ல் இது மருத்துவ இதழில் வெளியானதும் எல்லோருக்கும் ஒரே பரபரப்பு. விட்டு விட்டு மருந்து கொடுத்தால், அந்த இடைவெளியில் கொஞ்சமாக எழும்பும் வைரஸே தடுப்பூசி மாதிரி வேலை செய்து உடம்பைப் பழக்கிவிடுமோ? கேட்க அவ்வளவு அழகான யோசனை.

செய்து பார்த்தார்கள். பாஸ்டனில் புரூஸ் வாக்கர் குழு, தொற்றின் ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கிய 8 பேருக்கு இப்படி இடைவேளை விட்டது. 2000-ல் முடிவை வெளியிட்டபோது 5 பேர் மருந்தில்லாமலே வைரஸைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். நம்பிக்கை இன்னும் ஏறியது. ஆனால் அதே குழு இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தபோது, மாதங்கள் போகப்போகப் பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் திரும்பிவிட்டது. அதை அவர்களே 2004-ல் வெளியிட்டார்கள். முதலில் வந்த நல்ல செய்தியைத் தாங்களே திருத்தி எழுதிய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். சுவிட்சர்லாந்தும் ஸ்பெயினும் சேர்ந்து, நாள்பட்ட தொற்று உள்ள 133 பேரிடம் இதையே சோதித்தன. இரண்டு வாரம் மருந்தில்லை, எட்டு வாரம் மருந்து, இப்படி நாலு சுற்று, பிறகு முழு நிறுத்தம். ஒரு வருட முடிவில் வைரஸ் ஓரளவாவது அடங்கியிருந்தது 17 சதவீதம் பேருக்குத்தான். தடுப்பூசி யோசனை அதோடு வலுவிழந்தது. பெர்லின்காரருடைய அணுக்களில் எச்.ஐ.வி.யை இயல்பாகவே அடக்கக்கூடிய ஒரு மரபு அமைப்பு இருந்தது என்பது பின்னால் தெரியவந்தது.

சரி, வைரஸை அடக்கப் பழக்க முடியாது. ஆனால் மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கவாவது இடைவேளை உதவுமா? இந்த இரண்டாவது யோசனைதான் பெரியது, இதற்குத்தான் மிகப் பெரிய சோதனை நடந்தது. அதன் பெயர் ஸ்மார்ட். 2002 ஜனவரியில் தொடங்கியது. 33 நாடுகள், 5472 நோயாளிகள். வாஃபா எல்-சதர், ஜேம்ஸ் நீட்டன் முதலானவர்கள் முன்னின்று நடத்தினார்கள்.

இதன் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஆபத்தான சந்தர்ப்பவாத நோய்கள், அதாவது எதிர்ப்புச் சக்தி குறைந்த நேரம் பார்த்துத் தாக்குகிற நோய்கள், பெரும்பாலும் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போகும்போது வருகின்றன. அப்படியென்றால் 350-க்கு மேல் இருப்பவருக்கு மருந்தை நிறுத்திவிடுவோம், 250-க்குக் கீழே இறங்கினால் மறுபடி தொடங்குவோம், 200-ஐத் தொட விடவே மாட்டோம். நடுவில் கிடைக்கும் மாதங்களில் உடம்பு மருந்திலிருந்து ஓய்வெடுக்கும், இதயமும் கல்லீரலும் தப்பிக்கும். பாதிப் பேருக்கு இப்படி, மீதிப் பேருக்கு நிறுத்தாமல் தொடர்ந்து மருந்து. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்ட மாதிரித் தீர்மானித்தார்கள். சேர்ந்தவர்கள் யாரும் மோசமான நிலையில் இருந்தவர்கள் அல்ல, அவர்களுடைய சி.டி.4 நடுமதிப்பு 597.

6000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 2006 ஜனவரி 11-ம் தேதி சேர்க்கையை நிறுத்தினார்கள். முடிவு அவ்வளவு தெளிவாக வந்துவிட்டது, ஆனால் அவர்கள் எதிர்பார்த்த பக்கமாக வரவில்லை.

சராசரியாக 16 மாதம்தான் கவனித்திருந்தார்கள். தொடர்ந்து மருந்து சாப்பிட்டவர்களில் 47 பேருக்குச் சந்தர்ப்பவாத நோயோ மரணமோ நேர்ந்திருந்தது. இடைவேளை விட்டவர்களில் 120 பேருக்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள், அதை மறக்க வேண்டாம். மரணத்தை மட்டும் பார்த்தால் 30-க்கு 55. மருந்தை நிறுத்திய முதல் இரண்டு மாதங்களில் மாதத்துக்குச் சராசரியாக 87 என்ற வேகத்தில் சி.டி.4 சரிந்தது. மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்த எண்ணிக்கை, இறங்கும்போது அந்த வேகம்.

இதையாவது ஒருவாறு யூகித்திருக்கலாம். யாரும் யூகிக்காதது இன்னொன்று. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் பாதிப்பு ஆகியவை மருந்தின் தொல்லை என்று நினைத்துத்தானே இடைவேளையே விட்டார்கள்? இவையும் இடைவேளை விட்டவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 பேர், நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களில் 65 பேர். நான் இதை முதன்முதலில் படித்தபோது எண்களைப் பக்கம் மாற்றி அச்சிட்டுவிட்டார்களோ என்று மறுபடி மேலே போய்ப் பார்த்தேன்.

ஏன் இப்படி? மருந்தை நிறுத்தி ஒரு மாதத்துக்குள் அவர்களுடைய ரத்தத்தில் இரண்டு பொருட்கள் ஏறியிருந்தது, சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது தெரிந்தது. ஒன்று இன்டர்லூக்கின்-6, உடம்பில் அழற்சி நடப்பதற்கான அடையாளம். இன்னொன்று டி-டைமர், ரத்தம் உறைந்து கரைவதன் அடையாளம். கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு பெயரும் ஞாபகம் இருக்கும். வைரஸ் பெருகத் தொடங்கியதும் உடம்பு முழுக்கச் சண்டைக்குத் தயாராகிறது, அந்தச் சூட்டில் ரத்தக் குழாய்ச் சுவரும் மற்ற உறுப்புகளும் அடி வாங்குகின்றன. வெளியே காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். மருந்திலிருந்து உடம்புக்கு ஓய்வு என்று நினைத்தோம், வைரஸுக்குத்தான் ஓய்வு கிடைத்தது, உடம்புக்கு வேலை இரட்டிப்பானது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

எல்லோரையும் மறுபடி மருந்துக்குக் கொண்டுவந்த பிறகு ஆபத்து குறைந்தது. ஆனால் உடனே சமமாகிவிடவில்லை, விட்ட சி.டி.4-ஐத் திரும்பப் பிடிக்க முடியாமல் கொஞ்சம் கூடுதல் ஆபத்து தொடரவே செய்தது.

ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் நடந்த ட்ரிவாகன் சோதனையிலும் இதே 350, 250 கணக்குதான். அங்கே இடைவேளைப் பிரிவை 2005-லேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பாக்டீரியாத் தொற்றும் காசநோயும் பரவலாக உள்ள ஊர் அது. நம் ஊரிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களை முதலில் பிடிப்பது காசநோய்தான் என்பதால், நமக்கு ஸ்மார்ட்டைவிட இதுதான் நெருக்கமான பாடம் என்று எனக்குத் தோன்றும். தாய்லாந்து, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியாவில் நடந்த ஸ்டக்காட்டோ என்ற சோதனையில் இவ்வளவு கெடுதல் தெரியவில்லை, மருந்துச் செலவும் பாதிக்கு மேல் மிச்சமானது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது 430 பேரைக் கொண்ட சிறிய சோதனை.

மூன்றாவதாக ஒரு யோசனையும் இருந்தது. பல மருந்துகளுக்கு அசையாத வைரஸ் கொண்டவர்களுக்கு மருந்தைச் சில மாதம் நிறுத்தினால், மருந்தை எதிர்க்காத பழைய வைரஸ் மேலெழும்பிவிடும், அப்போது புது மருந்து கொடுத்து அடிக்கலாம் என்பது. அமெரிக்காவில் 270 பேரிடம் பார்த்தார்கள், நோய் முற்றியதுதான் மிச்சம். எதிர்ப்பு வைரஸ் எங்கும் போகவில்லை, அதுவும் கிழங்காகப் பதுங்கிக்கொண்டது.

எதிர்ப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மருந்தைச் சொல்லாமல் நிறுத்துகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து இருந்தாலும் மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பைவிட்டுப் போவதில்லை. நெவிரபின், எஃபாவிரென்ஸ் போன்றவை ரத்தத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம்கூட மெலிதாகத் தங்கும், மற்றவை ஓரிரு நாளில் காலியாகிவிடும். அப்போது மூன்று பேர் காவல் காத்த வாசலில் ஒருத்தர் மட்டும், அவரும் அரைத்தூக்கத்தில். வைரஸ் அந்த ஒருத்தரைத் தாண்டப் பழகிக்கொள்ளும். பழகிவிட்டால் அந்த மருந்து அவருக்கு அதன் பிறகு உதவாது. இப்போது நம் ஏ.ஆர்.டி. மையங்களில், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில், கொடுக்கும் டி.எல்.டி. மாத்திரையில் உள்ள டோலுடெக்ரவிர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், அதைத் தாண்டப் பழகுவது வைரஸுக்குக் கஷ்டம். ஆனால் அந்த மாத்திரையில் உள்ள மற்ற இரண்டும், டெனோஃபோவிரும் லாமிவுடினும், ஹெப்படைடிஸ் பி வைரஸையும் அடக்கி வைத்திருப்பவை. இரண்டு தொற்றும் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால் எச்.ஐ.வி. எழும்புவதற்கு முன்னாலேயே கல்லீரல் வீங்கிப் படுத்துவிட நேரலாம்.

கணவனோ மனைவியோ துணையோ இருந்தால் இன்னொரு கவலை. வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருக்கும்வரை உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது, இது உறுதியாக நிரூபிக்கப்பட்ட விஷயம், எத்தனையோ குடும்பங்களுக்கு நிம்மதி கொடுத்த விஷயம். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் வைரஸ் திரும்பிவிடுகிறது. அந்தப் பாதுகாப்பும் அதோடு போய்விடும், போனது வெளியே தெரியாது.

அப்படியானால் இடைவேளை என்ற பேச்சே முடிந்ததா என்றால், இல்லை. இரண்டு இடத்தில் இன்னும் இருக்கிறது.

ஒன்று, நாள் கணக்கிலான சின்ன இடைவெளி. பிரான்சில் குவாட்டுவோர் என்ற சோதனையில் 636 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவு வாரத்தில் 4 நாள் மாத்திரை, 3 நாள் இல்லை. இன்னொரு பிரிவு தினமும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 4 நாள் பிரிவில் 95.6 சதவீதம், தினசரிப் பிரிவில் 97.2 சதவீதம் பேருக்குச் சிகிச்சை வெற்றி. 8 முதல் 24 வயது வரையுள்ள 199 பேரிடம் நடந்த பிரீதர் சோதனையிலும், எஃபாவிரென்ஸ் சாப்பிட்ட இளையவர்கள் வாரக்கடைசியில் இரண்டு நாள் விட்டும் வைரஸ் அடங்கியே இருந்தது. ஸ்மார்ட்டில் தோற்றது இங்கே எப்படித் தேறியது? இந்த இரண்டு, மூன்று நாளில் மருந்து ரத்தத்திலும் அணுக்களுக்குள்ளும் இன்னும் மீதம் இருக்கிறது, வைரஸுக்கு வாசல் திறப்பதற்குள் அடுத்த மாத்திரை வந்துவிடுகிறது. பார்வைக்கு இடைவேளை, உள்ளே காவல் நிற்கவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் வாரம் மூன்று நாள் விட ஆரம்பிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நீண்ட நாள் வைரஸ் அடங்கியிருந்து, எதிர்ப்பு எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, குறிப்பிட்ட மருந்துக் கூட்டுக்கு, அடிக்கடி வைரல் லோடு பார்த்துக்கொண்டு செய்தது அது.

இன்னொன்று, எச்.ஐ.வி.யை முழுதாகக் குணப்படுத்தும் ஆராய்ச்சி. கிழங்கு உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஒரே வழிதான் இருக்கிறது, களையெடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. மருந்தை நிறுத்தி, அடிக்கடி வைரல் லோடு பார்த்து, எழும்பிய உடனே மறுபடி தொடங்குவார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற திமோதி ரே பிரவுனுக்கும், பிறகு லண்டனில் ஆடம் காஸ்டியேஹோவுக்கும் வைரஸ் திரும்பவே இல்லை என்று இப்படித்தான் உறுதியானது. அதே மாதிரி மஜ்ஜை மாற்றிய பாஸ்டன் நோயாளிகள் இருவரில் ஒருவருக்கு 12 வாரத்தில் திரும்பியது, இன்னொருவருக்கு 32 வாரத்தில். மிசிசிப்பியில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதில் சிகிச்சைக்கு வருவது நின்றுபோனது. திரும்ப வந்தபோது மருந்தில்லாமலே வைரஸ் காணோம். உலகமே குழந்தை குணமாகிவிட்டது என்று கொண்டாடியது. மருந்து நிறுத்தி 27 மாதம் கழித்து, 2014-ல், வைரஸ் வந்துவிட்டது. 27 மாதம் வழக்கமான சோதனைகளில் படாமல் கிடந்திருக்கிறது.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் போனில் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சி.டி.4 சரிவதையும் மாரடைப்புக் கணக்கையும் சொன்னேன், அமைதியாகக் கேட்டுக்கொண்டான். அப்புறம்தான் கேட்டேன், மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, ஏன் நிறுத்த நினைக்கிறாய் என்று. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணல அண்ணே. ஆவணில தங்கச்சி கல்யாணம். வீடு பூரா சொந்தக்காரங்க இருப்பாங்க. அந்த டப்பாவ எங்க வைக்கிறது? கையில எடுத்தாலே கலகலன்னு சத்தம் வேற."

பத்து வருட ஆராய்ச்சியும் பதில் சொல்லாத கேள்வி இது. ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் நிறுத்தலாமா என்று கேட்காதே, இதை அப்படியே சொல் என்றேன். நிறுத்த நினைத்தேன் என்று சொன்னால் திட்டுவார்களோ என்று அவனுக்குப் பயம். இந்தப் பயத்தினாலேயே பலர் மையத்துப் பக்கம் போவதை விட்டுவிடுகிறார்கள், ஒரு மாதம் மூன்று மாதமாகிவிடுகிறது. அவன் போனான். ஆலோசகர் அக்கா திட்டவில்லையாம். ஊருக்குப் போகும் ஐந்து நாளைக்கு மட்டும் ஐந்து மாத்திரையை ஈரம் படாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள், பெரிய டப்பா திருப்பூர் ரூமிலேயே இருக்கட்டும், ராத்திரி ஒன்பது மணிதான் வழக்கம் என்றால் பந்தி நேரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, அன்றைக்கே போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து திருப்பூர் பஸ்ஸில் ஏறியதும் கூப்பிட்டான். ஐந்து ராத்திரியும் போட்டுவிட்டானாம், ஒரு நாள் மட்டும் பதினொன்றரை ஆகிவிட்டதாம், பந்தி பரிமாறிக்கொண்டிருந்ததால்.